முயற்சிக்குப் பத்துக்குப் பத்து

ரப்பர் வாங்குவதாக இருந்தால் வெள்ளை ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். கலர் ரப்பர் பார்க்கத்தான் அழகு, தாளில் கறை விட்டுவிடும். இருபத்திரண்டு வருடமாக ஓவிய வகுப்பு எடுக்கிறேன், இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பலாம். பிள்ளைகள் எனக்கு 'ரப்பர் டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் உட்கார்ந்திருப்பது அவளுடைய பெஞ்சுதான். எழுந்திருக்க வேண்டாம். இந்த அறையில் ஜன்னல் இல்லை, கொஞ்சம் புழுக்கமாக இருக்கும். பழகிவிடும்.

மூன்று வருடமாக இரண்டு மார்க் வாங்கியவளுக்குத் திடீரென்று பத்து எப்படி வந்தது என்றுதானே ஓவியப் பள்ளியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள்? நியாயமான கேள்வி.

என் வகுப்பில் படத்துக்கு மார்க் கிடையாது. முயற்சிக்குத்தான் மார்க். நான் படிக்கும்போது எங்கள் ஓவிய வாத்தியார் என் நோட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இதுக்கெல்லாம் கை வரணும்மா. உனக்கு வராது" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு நான் அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் டீச்சரானதும் அதைத்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். மணி அடித்ததும் ஒவ்வொரு பெஞ்சிலும் கிடக்கிற ரப்பர் துகளைத் தூரிகையால் கூட்டி, உறையில் போட்டுப் பெயர் எழுதுவேன். துகளுக்கு ஏற்ற மார்க். சில வாலுகள் வெறும் பெஞ்சில் தேய்த்துச் சேர்ப்பார்கள். அதற்கும் கை வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவேன்.

அவளிடம் ரப்பரே கிடையாது. ஏன் என்று கேட்டேன். "எதுக்கு டீச்சர்?" என்றாள். திமிர் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். நாற்பது நிமிட வகுப்பில் ஏழாவது நிமிடம் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். பூட்டு வரையச் சொன்னால், சாவி போட்டால் திறந்துகொள்ளும் போல இருக்கும். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு எரிந்தது.

"முடிஞ்சிருச்சு டீச்சர். வெளிய போகட்டுமா?"

"மணி அடிக்கட்டும்."

மிச்ச முப்பத்து மூன்று நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளாலும் போக முடியாது, என்னாலும் அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. உறை காலி. வகுப்புக்கு வந்ததற்காக இரண்டு மார்க் போடுவேன்.

இந்த வருடம் ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கினாள். அதற்கு என் வகுப்பில் ஏழு மார்க்காவது வேண்டும். அவள் அம்மா தையல் வேலை செய்கிறவர். துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து இந்த வாசலில் நின்றார். "இவளுக்கு வேற எதுவும் ஏறாது டீச்சர். இது ஒண்ணுதான். நீங்க மனசு வைக்கணும்" என்றார். தலைமையாசிரியை, "பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதீங்க. ஒரு ஏழு போட்டுட்டுப் போங்க" என்றார்.

போட்டிருக்கலாம். ஆனால் பொய்யாக ஒரு ஏழு போட்டால், இத்தனை வருடம் நான் கூட்டிய துகளெல்லாம் வெறும் குப்பை. போடாவிட்டால் அந்த அம்மாவின் முகம் கண் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அப்புறம்தான் புத்தியில் பட்டது. மார்க்கை மாற்றக் கூடாது, சரி. முயற்சியை வரவழைக்கலாமே.

அதோ, சாமான் அறைக் கதவு. இரும்புக் கதவு. தாள் கட்டு எடுத்து வரச் சொன்னேன். வலது கையைக் கதவு நிலையில் ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்தபடி, "பெரிய கட்டா, சின்னதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"பெரிசு" என்றேன்.

கதவு காற்றில் அடித்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாளாம், நல்ல பிள்ளை. நீங்களே சொல்லுங்கள், இந்த அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்?

மூன்று விரல். இனி மடங்காது என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து வலது கையில் கட்டோடு வந்தாள். இடது கையில் பென்சில். ஒரு கோப்பை வரைய நாற்பது நிமிடம் போதவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ரப்பர் கேட்டு வாங்கினாள். வரைந்தாள், அழித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். மணி அடித்ததுகூட அவள் காதில் விழவில்லை. தாளில் ஓட்டை விழுந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. துகளெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டதால் கூட்டத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். இதுதான் அந்த உறை. கையில் வாங்கிப் பாருங்கள்.

விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்றாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நானே அனுப்பினேன்.

அதனால், இரக்கப்பட்டுப் போட்ட மார்க் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது அவளுக்குச் செய்கிற துரோகம். அந்தப் பத்தும் அவள் உழைத்து வாங்கியது. நான் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான்.