மூன்றாம் மாடியும் வாழைப்பழத் தோலும்

"மான் வராட்டி எங்கட மண்டபத்தை எப்பவோ பூட்டியிருப்பாங்கள்."

சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை டவுனுக்கு வரும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னார். மடியில் கிலுங்கும் திறப்புக் கோர்வை. துறைமுகப் பக்கத்துக் கம்பஸ் ஒன்றில் விரிவுரை மண்டபத்துக்குப் பொறுப்பாம். பக்கத்தில் இருந்த இளையவருக்கு அங்கேயே நூலகத்தில் வேலை.

"மானோ, அக்கா?"

"ஓம் தங்கச்சி. எத்தனை பேர் வருகினமெண்டு எண்ண வாசலுக்கு மேல மெஷின் வச்சவங்களெல்லே? ஆள் குறைஞ்ச மண்டபத்தைப் பூட்டினால் கரண்ட் மிச்சமாம். என்னை மூண்டாம் மாடிக்கு மாத்துவினமாம். இந்த முழங்காலோட ஏலுமே? வாழைப்பழத் தோலைக் கொண்டுபோய் உள்ளுக்குப் போட்டன். கோட்டைப் பக்கம் திரியிற மானெல்லாம் வந்திட்டுது."

"மெஷினுக்கு மானைத் தெரியாதோ?"

"அது தலையைத்தான் எண்ணும். கொம்பைப் பற்றி ஒருத்தரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல."

"அப்ப தப்பிட்டீங்கள்."

"எங்க தப்பினது? மண்டபம் நிறைஞ்சு வழியுதெண்டு கணக்குப் பார்த்து, பிள்ளையளின்ர வகுப்பை வேற இடத்துக்கு மாத்திப்போட்டாங்கள்."

நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தது. இறங்கவில்லை.

"எங்க மாத்தினவை?" இளையவர் கேட்டார்.

"வெளியில, வேப்பமரத்துக்குக் கீழ. மானெல்லாம் மண்டபத்துக்குள்ள வந்திட்டுதே, அதுகள் படுத்த இடம் இப்ப சும்மாதானே கிடக்குது."