கீல் முன்பு

மூன்று மாதமாக முதலாளி முன் வாயைப் பூட்டி வைத்திருந்தேன். இனி முடியாது.

விழாத் தலைவராகிய பெருமதிப்பிற்குரிய முதலாளி அவர்களே, முன்வரிசையை நிறைக்கவிருக்கும் மூத்தோர்களே, தாய்மார்களே, அவர்களுள் தலையாயவராய் நாளை மறுநாள் புதிய காரின் இடப்பக்க மூலையில் அமர்ந்து வலம் வரவிருக்கும் தலைவரின் துணைவியார் அவர்களே, தச்சர்களே, தகடு தட்டியவர்களே, தோல் தைத்தவர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயர் இல்லை. மேடை கிடைக்காதவன் தாளில்தானே பேசவேண்டும்?

கப்பலில் வந்து இறங்கியபோது என்ன இருந்தது அந்தக் காரில்? திறந்த கூடு. மழைக்குக் குடை, புழுதிக்குப் போர்வை! நம் பட்டறையில் அதற்குக் கூரை கொடுத்தது யார்? கண்ணாடிச் சன்னல் கொடுத்தது யார்? பட்டுத் திரையும் பித்தளை விளக்கும், ஓட்டுநர் காதுக்குச் செய்தி சொல்லும் பேச்சுக்குழாயும் எவன் பென்சிலில் பிறந்தன? பொறுங்கள், கைதட்டாதீர்கள். வடிவமைத்தவர் என்று காரின் பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பது மேனேஜருடைய மச்சான் பெயர். பென்சில் சீவத் தெரியாத மச்சான்!

பின்வரிசையில் யாரோ சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேச வந்தது பெயரைப் பற்றி அல்ல, கதவைப் பற்றி.

பழைய கூட்டில் பின்கதவின், அதாவது பின் இருக்கைக் கதவின், கீல் பின்பக்கம் இருந்தது. அப்படிப்பட்ட கதவு ஓட்டத்தில் ஒரு விரற்கடை விலகினாலும் எதிர்காற்று புகுந்து அகலத் திறந்துவிடும். கீல் முன்பக்கம் இருந்தால் அதே காற்று அதைச் சாத்தும். ஆகவே மாற்றச் சொல்லி, பழைய படத்தின் ஓரத்தில் “கீல் முன்பு” என்று எழுதினேன். புதுப் படம் வரைந்திருக்க வேண்டும். வரையவில்லை. தகடு மச்சானுக்கு என்று தெரிந்த நாள் அது, வீம்பு.

கதவு வந்தது. கீல் பின்பக்கமே இருந்தது. தச்சு மேஸ்திரியைப் பிடித்தேன்.

“ஏன்யா, கீலை மாத்தல?”

“மாத்தச் சொல்லலியே சார். முன்புன்னு போட்டிருந்தீங்க. முன்பு இருந்த மாதிரியே வச்சேன்.”

“முன்புன்னா முன்பக்கம்யா!”

“அப்ப அப்படி எழுதுறது. இவ்வளவு படிச்சவரு, மூணு எழுத்துக்கா கஞ்சத்தனம்?”

சோதனை ஓட்டத்தில் அந்த மூலையில் நானே உட்கார்ந்தேன். திருப்பத்தில் உடல் சாய்ந்தது, முழங்கை கைப்பிடியை அழுத்தியது, கதவு பறந்தது. மேஸ்திரி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை!

மேனேஜரிடம் ஓடினேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

“கைப்பிடிய அமுக்கினா கதவு திறக்கத்தான் செய்யும். பதினெட்டுப் பூச்சு வார்னிஷ் காஞ்சிருக்கு, இப்போ கழட்டணுமா? தகட்டுல பேரு இல்லேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல் சார்.”

இல்லையா? இருக்கிறது! எரிகிறது! ஆனால் வயிறு எரிபவன் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளுமா?

மூன்று நாளுக்கு முன் தலைவரின் துணைவியார் காரைப் பார்க்க வந்தார். “இந்த மூலை எனக்குத்தான். சாய்ஞ்சுக்க எவ்வளவு வாட்டமா இருக்கு!” என்று அதே இடத்தில் முழங்கையை ஊன்றினார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். நான் என்ன சொன்னேன்? “ஆமாம்மா” என்றேன். அன்று முதல் தெருவில் எந்தக் கதவு அடித்துச் சாத்தினாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

சாயாதீர்கள் அம்மா! தலைவரே, தகடு மச்சானுக்கே இருக்கட்டும். வார்னிஷ் உரியட்டும். விழா தள்ளிப்போகட்டும். ஊர் சிரிக்கட்டும். கதவு மட்டும் கழலட்டும்! பிழை மேஸ்திரியின் உளியில் இல்லை. என் இரண்டு சொல்லில் இருக்கிறது. இம்முறை கஞ்சத்தனம் இல்லாமல் எழுதுகிறேன்: பின்கதவின் கீலை முன்பக்கம் மாற்றுங்கள்.

இல்லாத மேடையில் இவ்வளவு நேரம் பேசவிட்ட சபைக்கு நன்றி. வணக்கம்.

கையெழுத்திடப் பேனாவைத் தாளில் வைத்து, எடுத்துவிட்டேன். என் பெயரை முதலில் கண்டால், தலைவரே, மேனேஜர் சொன்ன வயிற்றெரிச்சல்தான் உங்களுக்குத் தெரியும், கதவு தெரியாது. ஆகவே பெயரில்லாமலே மதியத் தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யார் என்று, படங்களில் என் எழுத்தைப் பார்த்துப் பழகிய மேஸ்திரி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அதற்குள் நீங்கள் அந்தக் கதவைத் திறந்து பார்த்திருப்பீர்கள்.