அதிமதுரத்தில் மிஞ்சிய இனிப்பு

கஷாயம் காய்ச்சுவதற்குப் பொறுமை வேண்டும், தோழரே. மூலிகையை ஊறவைத்து, மண்சட்டியில் சிறு தீயில் ஒரு முறை, புதுத் தண்ணீர் ஊற்றி மறுமுறை, பிறகு இரண்டு கொதியையும் கலந்து காலையும் மாலையும் தர வேண்டும். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அதெல்லாம் வராது. எனக்கு வரும்.

எங்களுடையது பெண்களே ஆண் வேடமும் கட்டும் நாடகக் குழு. பத்தொன்பது வருடங்கள் நான் கதாநாயகன், சுய்யின் கதாநாயகி. ஊரே எங்களை ஜோடியாகத்தான் பார்த்தது. சந்தையில் டோஃபு விற்பவள்கூட, "என்ன மாப்ளே, பொண்டாட்டிய காணோம்?" என்பாள். "வீட்ல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

போன வருடம் ஷியாவ்தாங் வந்து சேர்ந்தாள். இருபத்து நான்கு வயது. குரல் நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. வசந்த விழா நாடகத்தில் அவள்தான் கதாநாயகன் என்று தலைவர் முடிவு செய்தார். எனக்குத் தாடி ஒட்டிய மாமனார் வேடம். சுய்யின் எனக்காகச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒத்திகை முடிந்து வந்து, "அந்தப் பொண்ணு கைய நீட்டினா எனக்கே வெக்கமா இருக்குக்கா" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை.

இலையுதிர் காலத்தில் சுய்யினுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. வைத்தியர் எழுதிய மருந்தில் தேனில் வறுத்த அதிமதுரம்தான் பிரதானம். கூடவே ஒரு கசப்பு வேர். மூன்று மாதம் விடாமல் குடித்தால் விழாவில் பாடலாம் என்றார். முதல் வாரம் ஷியாவ்தாங் காய்ச்சிக் கொடுத்தாள். சுய்யினின் முகத்தில் ரத்தம் ஏறத் தொடங்கியது. சின்னப் பெண், அவளுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லி அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

நான் மருந்தில் எதையும் கலக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மூலிகையின் மேல் வெந்நீர் ஊற்றி, நூறு எண்ணி, வடித்துவிடுவேன். நிறத்துக்குக் கொஞ்சம் தேயிலை. அவள் மேடையேறாமல் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. விழா கழிந்ததும் ஒழுங்காகக் காய்ச்சிக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நாடி தேறவில்லையே என்று வைத்தியர் அளவைக் கூட்டினார். பொட்டலம் பெரிதானது. நான் நூறுக்கு மேல் எண்ணவில்லை.

அந்தப் பதினொரு வாரம் அவளுக்குத் தலை வாரினேன், கஞ்சி ஊட்டினேன். ஷியாவ்தாங் பேரிக்காய் வாங்கிக்கொண்டு வருவாள். சுய்யின் தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். மருந்துச் சக்கையைத் தெருவில் கொட்டினால், அதை மிதித்துப் போகிறவர்களோடு நோயும் போய்விடும் என்பது நம் வழக்கம்தானே. அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஷியாவ்தாங் வரும் நாட்களில் மட்டும் சரியாக வாசல் நடுவில் கொட்டுவேன்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மதியம் தலை வாரிக்கொண்டிருந்தேன். சுய்யின் என் தோளில் சாய்ந்தாள். எங்கள் பழைய நாடகத்தில் அப்படிச் சாய்கிற கட்டம் ஒன்று உண்டு. விளையாடுகிறாள் என்று நினைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தேன்.

துக்கம் கேட்க மருந்துக்கடைப் பெரியவர் ஃபாங் வந்தார். வாசலில் கிடந்த சக்கையைக் குனிந்து பார்த்தார். ஓர் அதிமதுரத் துண்டை எடுத்துச் சட்டையில் துடைத்து, பல்லில் வைத்துக் கடித்தார்.

"பெய்ஜென், ரெண்டு கொதி கண்ட அதிமதுரம் வெறும் நாருதாம்மா" என்றார் என்னிடம். "இது இன்னும் இனிக்குது. நீ இத அடுப்புலயே ஏத்தலையா?"

ஏற்றவில்லை என்றேன். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

சுய்யினுக்குச் சந்தேகம் வரவில்லையா என்கிறீர்கள். அவளுக்கு என்மேல் எதற்குச் சந்தேகம் வரப்போகிறது? தினமும் கிண்ணத்தைக் காலி செய்து என் கையில் கொடுப்பாள். "ஷியாவ்தாங் காய்ச்சினத வாயில வைக்க முடியலக்கா. நீ குடுத்தா கசக்கவே மாட்டேங்குது" என்பாள். அந்தப் பெண்ணின் கையைவிட என் கைதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.