பென்சிலம்மாவின் கடைசித் தவறு

இருபத்தேழு ஆண்டுகள் எம் பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டியாய் ஓயாது உழைத்து, இன்று ஓய்வு பெறும் உயர்திரு ஆசிரியையே! பெற்றோர் பதறிய வேளையிலும் பதறாத பண்பாளரே! மதிப்பெண்ணை மட்டும் பாராமல் மாணவரின் மனத்தையும் பார்த்த மாண்பாளரே! பிள்ளைகள் பாதி அன்போடும் பாதி அச்சத்தோடும் ‘பென்சிலம்மா’ என்றழைத்த பெருந்தகையே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

விண்ணப்பக் கட்டுரையோடு வரும் பிள்ளைகளிடம் நீங்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. “முதல் பத்திய அடிச்சிரு கண்ணு. ரெண்டாவதுலதான் நீயே வர்ற.” அந்த விதிப்படி மேலே உள்ள பத்தியை நாங்கள் அடித்திருக்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டப்போகிற மடல் என்பதால் அது தப்பித்தது. இனி விஷயத்துக்கு வருகிறோம்.

பெரிய பல்கலைக்கழகங்களில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. அந்த ஐவரில் ஒருவராகத் தன் பிள்ளை இருப்பானா என்று கேட்டு வராத பெற்றோர் இல்லை. உங்கள் அறைக்கும் நூலகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய பலகைச் சுவர். ஆகவே, இதை எழுதும் நூலகருக்கு எல்லாம் காதில் விழும். மதிப்பெண், எடுத்த பாடங்கள், கட்டுரை, ஆசிரியர் கடிதம் என்று அத்தனையையும் அலசிவிட்டு, ஒரு தாளில் மூன்று வரிசை போடுவீர்கள்: முயன்று பார்க்கலாம், எதிர்பார்க்கலாம், உறுதியாக நம்பலாம். எல்லாம் பென்சிலில்தான். “நூத்துக்கு எத்தனைன்னு ஒரு நம்பர் சொல்லுங்களேன்” என்று கெஞ்சியவர்கள் ஏராளம். ஒருவருக்கும் நீங்கள் சொன்னதில்லை.

முடிவுகள் வந்ததும் உங்கள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் உங்கள் தவறுகளை எழுதி வைப்பீர்கள். கிடைக்கும் என்றீர்கள், கிடைக்கவில்லை. கிடைக்காது என்றீர்கள், கிடைத்தது. வெற்றிகளை எழுதியதே இல்லை. “சரியாச் சொன்னதுல நான் கத்துக்க என்ன இருக்கு?” என்பீர்கள். தவறை மறைக்கப் படாதபாடு படும் இவ்வுலகில் இப்படியும் ஒருவரா என்று நாங்கள் வியந்தோம். சில நாள் உள்ளூரச் சிரித்தும் இருக்கிறோம்.

இந்த ஆண்டு லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மகள் உங்கள் முன் வந்து உட்கார்ந்தாள். பொறியியல் படிக்க வேண்டும், அதுவும் அந்த ஒரு பல்கலைக்கழகத்தில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா நாற்காலியின் நுனியில் அமர்ந்து கேட்டார். “நேராச் சொல்லிடுங்க டீச்சர். கெடைக்காதுன்னா இப்பவே மனச தேத்திக்குவோம்.” நீங்கள் முதல் வரிசையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதினீர்கள். “வாய்ப்பு கம்மிதான் சார். ஆனா இல்லைன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. போடட்டும்.”

விண்ணப்பங்கள் போய் இரண்டு வாரம் ஆனபின், உங்கள் மேசையில் கிடந்த பள்ளி விவரத்தாளைப் பார்த்து அவள் கேட்டாள். “டீச்சர், இதுல உயர் கணிதம் இருக்குன்னு போட்டிருக்கே? நமக்குத்தான் அந்த வகுப்பே இல்லையே?” பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு என்று சொல்லும் அந்தத் தாள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் போகும். உயர் கணித ஆசிரியர் விலகிச் சென்றதால் வகுப்பு நின்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. நீங்கள் தயாரித்த தாளிலோ அது அப்படியே இருந்தது. தொலைவிலிருந்து படிப்பவருக்கு, கடினமான பாடம் இருந்தும் இந்தப் பெண் நழுவிவிட்டாள் என்றுதான் தோன்றும். அவளுக்கு மட்டுமல்ல, இவ்வாண்டு விண்ணப்பித்த முப்பத்தொரு பேருக்கும் அதே கதி.

ஓய்வுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. முதல்வர் சொன்னார்: “நாமளே போய் எதுக்கு மாட்டிக்கணும்? அந்தத் தாளை யாரு படிக்கப் போறா?” ஆசிரியர் கூட்டத்தில் இருந்த நாங்களும் தலையாட்டினோம். அதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம், வெட்கமாக இருக்கிறது. நீங்கள் மட்டும் எழுந்து, “படிப்பாங்க சார். நான் அங்க இருந்தா படிப்பேன்” என்றீர்கள். நான்கே நாளில் நாற்பது பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போயிற்று. ஒவ்வொன்றிலும் ‘தவறு என்னுடையது, மாணவர்களுடையது அன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். பதில் வராத இடங்களைத் தொலைபேசியில் விடாமல் பிடித்தீர்கள். மதிய இடைவேளைகளில் அந்தப் பெண் நூலகத்தில் தானாகவே உயர் கணிதம் படித்ததை நான் சொன்னதும், அவள் எடுத்த பதினான்கு புத்தகங்களின் பட்டியலை என்னிடம் எழுதி வாங்கி இணைத்தீர்கள். அதன் பின்னும் பென்சில் குறியை மட்டும் மாற்றவில்லை. “என் கடிதம் போறதுக்கு முன்னாடியே அவங்க விண்ணப்பத்தப் படிச்சு முடிச்சிருந்தா? பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன்” என்றீர்கள்.

அலமாரிக் கதவிலுள்ள தவறுகள் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கே வெற்றிப் பட்டியல் ஒன்றை ஒட்டிக்கொள்ளும்படி நேற்று எங்களிடம் சொன்னீர்கள். அம்மா, இருபத்தேழு ஆண்டுகளில் முதன்முறையாக உங்கள் சொல்லை மீறுகிறோம். அந்தத் தாள் அங்கேயேதான் இருக்கும். உங்கள் நாற்காலிக்கு யார் வந்தாலும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும். முதல்வரும் இதற்கு ஒப்பியிருக்கிறார்.

நீங்கள் நோய்நொடியின்றி நூறாண்டு வாழும் வாய்ப்பை எந்த வரிசையில் போடுவது என்று கூடிப் பேசினோம். மூன்றாவது வரிசை என்று ஒருமனதாக முடிவாயிற்று! பேரும் புகழும் பெருக, பேரன்பு சூழ, நிறைவோடும் நிம்மதியோடும் நீடு வாழ்க!

இதோடு மடல் முடிந்திருக்க வேண்டும். இன்று காலை நீங்கள் உங்கள் பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மூச்சிரைக்க நூலகத்துக்குள் ஓடி வந்தாள். கையில் ஒரு கடிதம். “டீச்சர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. எல்லார் முன்னாடியும் படிங்க” என்றாள். உங்களைக் கேட்காமலே கதவுத் தாளில் கடைசி வரியை நாங்கள் எழுதிவிட்டோம். அது இதுதான்:

‘லிஃப்ட் மெக்கானிக் மகள். மதிப்பீடு: வாய்ப்பு கம்மி. முடிவு: இடம் கிடைத்தது. தவறாகச் சொன்னவர்: பென்சிலம்மா.’

இப்படிக்கு,
உங்களிடம் தவறை ஒப்புக்கொள்ளக் கற்ற
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்