பார்வை உறுப்பினர்

காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பேன். எரிந்த குச்சியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு அணைப்பேன். காபி குடிப்பேன். சவரம் செய்வேன். குச்சியைக் கிண்ணத்தில் போடுவது என் மனைவி வீரலட்சுமியின் பழக்கம். அவள் போன பிறகும் நான் அதை விடவில்லை.

எங்கள் கல்விக் கழகத்தின் நிர்வாகம் எப்படி நடந்தது என்று விசாரணையில் கேட்டீர்கள், ஐயா. சொல்கிறேன்.

பி.ஏ. முடித்து வந்த கையோடு, 1958-ல் நான் தொடங்கியது அது. பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கூட்டிப்போய்க் கண்மாய், அச்சகம், பருத்தி ஆலை எல்லாம் காட்டினோம். நான் செயலாளர். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த வெள்ளைத்துரை தலைவர். பிள்ளைகள் போய்வந்தது அவர் லாரியில். லாரி இல்லையென்றால் கழகமும் இல்லை.

விதிகளை நானே எழுதினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. எந்த இடத்தையும் பார்வை உறுப்பினர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாமென்றால், தலைவரே சொன்னாலும் பிள்ளைகள் போகக் கூடாது. அந்தப் பொறுப்பில் வீரலட்சுமியைப் போட்டேன். பள்ளி ஆசிரியை, தகுதியுள்ளவள். நாலு பேர் முன்னால் புருஷன் பேச்சை மறுக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

தீபாவளி சீசன் வந்தது. "பிள்ளைக எம்புட்டு நாளைக்குத்தான் வேடிக்கை பாக்கும்? கையால செஞ்சு பழகட்டும், செக்ரட்டரி. அதான நீங்க சொல்ற படிப்பு?" என்றார் வெள்ளைத்துரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் அவர் கம்பெனியில் பிள்ளைகள் லேபிள் ஒட்டினார்கள். பிறகு காகிதக் குழல் சுருட்டினார்கள். ஆர்டர் குவிந்ததும், குழலில் வெடிமருந்து அடைக்கும் அறைக்கு அவர்களை அனுப்பச் சொல்லி வெள்ளைத்துரை கேட்டார்.

வீரலட்சுமி போய்ப் பார்த்து வந்தாள். "வேணாங்க. தரையெல்லாம் மருந்து சிந்திக் கெடக்கு. ஒரே வாசல். ஒரு பிள்ளையையும் அங்கன விடக் கூடாது."

"கூட்டத்துல சொல்லு" என்றேன்.

கூட்டத்தில் அவள் வாய் திறக்குமுன் நான் எழுந்தேன். "உறுப்பினர் பார்த்துவிட்டார். அவருக்குத் திருப்தி."

"பெறகென்ன, வீட்டம்மா உத்தரவே கெடச்சிருச்சு" என்றார் வெள்ளைத்துரை.

அவள் என்னைப் பார்த்தாள். மறுத்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் நான் பொய்யனாகியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் பிள்ளைகளோடு அவளும் லாரியில் ஏறினாள். மதியம் வெடித்தது. வாசலருகே இருந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு, மற்றவர்களுக்காக உள்ளே திரும்பினாளாம். அவள் வரவில்லை. ஐந்து பிள்ளைகளும் வரவில்லை.

"எது நடந்தாலும் பிள்ளைங்க படிப்பு நிக்கக் கூடாது" என்பதே அவள் கடைசி வார்த்தை என்று இரங்கல் கூட்டத்தில் பேசினேன். பலர் அழுதார்கள். இறந்த பிள்ளைகளின் தாய்மாரும் என்னைக் கும்பிட்டார்கள். அது நான் இட்டுக்கட்டிய வார்த்தை. அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்காக நான் பேசினேன். போன பிறகும் நானே பேசினேன்.

வெள்ளைத்துரை கேட்க மட்டுமே செய்தார், ஐயா. அவர்களை அனுப்பியது நான்.

அன்று காலை லாரியில் ஏறுமுன், பிள்ளைகள் காதில் விழாதபடி அவள் சொன்னது இதுதான்:

"நீங்க ஒரு தடவையாச்சும் அந்த ரூமுக்குள்ள வந்து பாத்திருக்கீகளா?"