மூன்றாம் குழி திறந்து கிடக்கிறது

மேடையில் இருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, படித்த பெரியவர்களே, முன்வரிசையில் வாடி உட்கார்ந்திருக்கும் ஹபீபுன்னிசா அக்கா, என்னோடு மண் சுமந்த பெண்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் பழனியாத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அக்காவின் வீட்டுக்காரர், நம் பேராசிரியர் ரசாக் சாரிடம் ஆறு வருசம் அகழாய்வுக் குழி தோண்டினேன். வெளியே மேகம் கருக்கிறது. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

சூலூருக்குத் தெற்கே, தம்பிதுரை அண்ணன் உழுகிற காட்டில் அந்தக் கல்வட்டங்களைக் கண்டுபிடித்தது யார்? எங்கள் சார்! நாங்கள் அந்தக் கல் மேல் உட்கார்ந்து சோறு தின்றவர்கள். "அம்மணி, கீழ ஆள் படுத்திருக்காருங்க" என்றார். தோண்டினோம். பலகைக் கல்லால் கட்டிய அறை! உள்ளே எலும்பு, பானை, ஒரு சிவப்புப் பாசிமணி. இரண்டாயிரம் வருசத்துக் கல்லறை என்றார்.

தம்பிதுரை அண்ணனுக்கு ஏமாற்றம். "ஏனுங்க புரொபசர், எகிப்துல கல்லறையத் தோண்டுனா தங்கமா வருதாமா. எங்க காட்டுல வெறுஞ்சட்டிதானுங்களா?"

"அங்க படுத்தது ராசாங்க. இங்க உங்களாட்டம் பண்ணயக்காரரு. சோத்துச் சட்டியோட போயிருக்காருங்க."

எலும்புக்கும் மரியாதை கொடுத்த அந்த மனுசரை இனி எங்கே பார்ப்போம்?

முதல் குழியில் ஒரு சட்டி முழுசாகக் கிடைத்தது. சாருக்குக் காட்டும் பொருள் அழுக்காக இருக்கலாமா? சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோய் வைத்தேன். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடியில என்னங்க அம்மணி ஒட்டியிருந்துச்சு?"

"கருகுன உமியாட்டம் இருந்துச்சுங்க. கழுவி ஊத்திப்போட்டனுங்க."

"அவருக்கு வெச்ச கடைசிச் சோறுங்க அது."

திட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை. 'சொல்லிக்கொடுக்காதது என் பிழை' என்று அறிக்கையில் எழுதினார். அக்காதான் எனக்குப் படித்துக் காட்டினார். நான் செய்த தப்புக்கு அவர் கையெழுத்து! அன்றிலிருந்து சல்லடையில் சலிக்காமல் ஒரு பிடி மண்ணை நான் கொட்டியதில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மூன்றாம் குழியின் மூடுகல்லைத் தூக்கினோம். கால் எலும்பு தெரிந்தது. பக்கத்தில் வாய் மூடிய சட்டி. "நாளைக்கு எடுக்கலாங்க" என்று பஸ் ஏறினார். அன்று இரவே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

குழி மேல் இப்போது ஒரு தார்ப்பாய்தான் கிடக்கிறது. ஒரு நல்ல மழை வந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேறு. தம்பிதுரை அண்ணா, எந்திரிச்சுப் போகாதீங்க! கார்த்திகை பிறந்தால் உழுதுவிடுவேன் என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? ஆறே நாள்!

சார் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். எப்போது? சட்டியை உடையாமல் எடுக்க எனக்குத் தெரியும். அது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று அளந்து வரையத் தெரியாது. வரையாமல் எடுத்தால் அது திருட்டு என்பார் சார்.

நாளைக் காலை நாங்கள் ஐந்து பெண்கள் குழியில் இருப்போம். இது சார் மேல் சத்தியம். வரையத் தெரிந்தவர் ஒரே ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்துவிட்டுத்தான் இந்த மைக்கை விடுவேன்.