ரத்தினபாயின் பீரோ

கண்காட்சிக்குக் கிளம்பும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது என் வழக்கம். அங்கே தருகிற டீயையும் பிஸ்கட்டையும் நம்பிப் போனால் தலைவலிதான் மிஞ்சும். பிஸ்கட் ஆளுக்கு ஒன்று, விளக்கவுரை மட்டும் ஆளுயரத்துக்கு.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, மேடம். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். நீங்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது.

என் பெயர் ஜெபராஜ். கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு. அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இலவசமாகப் போட்டுவிட்டுப் போகிற வாரப் பத்திரிகையில், நவீனக் கலைக் கண்காட்சிகளைப் பற்றிப் பத்தி எழுதுகிறேன். ஒரு பக்கம் பிளம்பர் விளம்பரம், மறுபக்கம் பெண்கள் விடுதி விளம்பரம், நடுவில் நான். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

குரோம்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் உடைந்த ஹெல்மெட்டுகளைத் தொங்கவிட்டு, 'நகரத்தின் மூளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடவாக்கத்தில் ஒரு வடிவமைப்பாளர், யாராலும் உட்கார முடியாத நாற்காலி ஒன்றைச் செய்து அதற்கு விருதும் வாங்கியிருந்தார். அவர் மட்டும் பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் நான் கேலி செய்யாமல், பொறுமையாகச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து எழுதினேன். கலையைப் புரிந்துகொள்ள உழைப்பு வேண்டும்.

என் மனைவி ரத்தினபாய்க்கு அந்த உழைப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள். ஜெபக்கூட்டம், முருங்கைக்கீரை, பேத்தியின் வீடியோ கால், இவ்வளவுதான் அவள் உலகம். நான் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. நினைவூட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கை ஹர்ஷா என்கிற இளைஞன் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டதைத் தவிர பெரிதாக எதையும் மாற்றவில்லை. போன வருடம் பல்லாவரத்தில் வேலை முடிந்து திரும்பும்போது ரத்தினபாயும் என்னோடு அங்கே வர நேர்ந்தது. கயிறு கட்டி, நடுவில் வெள்ளை முக்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தான். இவள் குனிந்து கயிற்றுக்குள் நுழைந்து ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் வலிக்குதுப்பா. சும்மாதானே கிடக்குது?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஹர்ஷா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆன்ட்டி, இதுக்குத்தான் ரெண்டு வாரமா வெயிட் பண்றேன். ஒருத்தரும் உக்காரவே இல்ல."

அந்த முக்காலிகளைப் பற்றி நான் அந்த வாரம்தான் எழுதியிருந்தேன். மனிதன் மனிதனை நெருங்க முடியாமையின் குறியீடு என்று.

அதிலிருந்து ரத்தினபாய் கலைஞி. அவள் அங்கே போய் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசிக்கொண்டே கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தாள். அதற்கும் ஒரு தலைப்பு வைத்தார்கள். இந்த வருடம் எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோவைக் கேட்டார்கள். என்னிடம் அல்ல, அவளிடம். என் சட்டைகள் அட்டைப்பெட்டிக்குப் போயின. பீரோ குட்டி யானை வண்டியில் ஏறிப் பம்மலுக்குப் போனது.

'கேட்கிறேன்' என்று பெயர். தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் கறுப்புத் திரை. ஒவ்வொருவராகத் திரைக்குள் போய், வேறு யாரிடமும் சொல்ல முடியாததைப் பீரோவிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் உள்ளிருந்து கதவில் ஒரு தட்டுத் தட்டுவாள். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் கலை. பொழிச்சலூரில் இருந்தும் கீழ்க்கட்டளையில் இருந்தும் வந்து வரிசையில் நின்றார்கள். திரையை விலக்கி வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். என் பத்திரிகை ஆசிரியர், "சார், மேடத்தைப் பத்தி நீங்களே எழுதினா நல்லா இருக்கும்" என்றார். கலைக்கூடத்தில் என்னை ஆன்ட்டி வீட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தார்கள்.

உள்ளே சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஸ்பாஞ்சு ஒட்டி, கதவு அதிராமல் இருக்க விளிம்பில் ரப்பர் பட்டை வைத்திருந்தான் ஹர்ஷா. அதனால் கதவை முழுக்க மூடக்கூடாது, ஆன்ட்டிக்கு வீசிங் இருக்கிறது, இடுக்கில் வைத்த துணியை எடுக்கவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். என்னிடமும் சொன்னான்.

சனிக்கிழமை மதியம், டெல்லியில் இருந்து வரும் முக்கியமான ஒருவரை அழைத்து வர அவன் விமான நிலையத்துக்குப் போயிருந்தான். நான் வரிசையில் நின்றேன். கணவன் என்று சலுகை எதுவும் கேட்கவில்லை. என் முறை வந்ததும் திரைக்குள் போய் உட்கார்ந்து பேசினேன். கலை என்றால் என்ன, இந்தப் பாராட்டெல்லாம் எவ்வளவு நாளைக்கு நிற்கும், உன்னை இந்த உலகத்துக்குக் கூட்டி வந்தவன் யார், அதை எங்கேயாவது ஒரு வார்த்தை சொன்னாயா என்று நிதானமாகக் கேட்டேன்.

அவள் தட்டவில்லை. சிரித்தாள். கிண்டலான சிரிப்பு இல்லை. பேத்தி எதையாவது உளறினால் சிரிப்பாளே, அந்த மாதிரி. பிறகு இடுக்கு வழியாக மெதுவாகச் சொன்னாள்: "போங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

துணியை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். கைப்பிடியைத் திருப்பிப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். நம் வீட்டுப் பீரோதானே, கை பழகியது. வெளியே வந்து திரையை முழுவதுமாக விலக்கி வைத்தேன். இன்றைக்கு வடிவம் மாறியிருக்கிறது, நீங்கள் பேச வேண்டாம், அவள் பேசுவதைக் கேளுங்கள் என்று காத்திருந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மே மாதம், மேலே தகரக் கூரை. அவர்களுக்கே சட்டை நனைந்திருந்தது.

முதலில் ஒரு தட்டு. பிறகு தொடர்ச்சியாக. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க... என்னங்க..."

திருமணம் என்கிற அமைப்பின் மீதான விமர்சனம் என்று கண்ணாடி போட்ட ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாள். நான் தலையசைத்தேன். என் பத்திகளை யாருமே இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

ஒரே ஒருவர்தான் எழுந்து வந்தார். பல்லாவரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நஃபீசா. முந்தின வாரம் பீரோ முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனவர்.

"அண்ணா, அக்கா ஒரு தடவைதானே தட்டுவாங்க? இது நிஜமா கூப்பிடற மாதிரி இருக்கு. கதவைத் தொறங்கண்ணா."

"புதுசா பார்க்கறவங்களுக்கு அப்படித்தாம்மா தோணும்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. தனக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார். இப்போது உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அழுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் மீது தவறில்லை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அங்கே சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஹர்ஷா பல்லாவரம் நெரிசலில் மாட்டிக்கொண்டான். அவன் வந்தபோது தட்டுவது நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. டெல்லிக்காரர் பீரோவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மௌனம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஹர்ஷாதான் கைப்பிடியைப் பார்த்தான்.

"அங்கிள், ஏன் பூட்டியிருக்கு? சாவி எங்க? அங்கிள்!"

கேட்டதும் கொடுத்துவிட்டேன். ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்ததும் ரத்தினபாய் முன்பக்கமாகச் சரிந்து ஹர்ஷாவின் மேல் விழுந்தாள். விரல்களெல்லாம் வீங்கியிருந்தன. அப்போதும் ஒருவர் கைதட்டினார். பிறகுதான் அலறல் எல்லாம்.

அவள் சாகிறாள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். நஃபீசா எழுந்து வருவதற்கு முன்பே தெரியும். அவளுடைய மூச்சின் ஒவ்வொரு சத்தத்தையும் அடையாளம் தெரிந்தவன் நான். எப்போது இன்ஹேலர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தூக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் காரணம் என்கிற இடத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். ஒரு தையல் டீச்சரைப் பார்த்து எனக்கு எதற்குப் பொறாமை?